செட்டிநாட்டில் குறைந்த வருமானத்தில் வாடகை வீடு: யாருக்கு என்ன அரசு உதவி, எதை எப்போது செய்வது

காரைக்குடிக்கோ தேவகோட்டைக்கோ வேலை கிடைத்துக் குடும்பத்தோடு வருபவர்களில், மாதச் சம்பளம் பதினைந்தாயிரத்தைத் தாண்டாதவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, வாடகைக்கு அரசு ஏதாவது கொடுக்குமா என்பதுதான். கொடுக்காது. பிரிட்டன் போன்ற நாடுகளில் குறைந்த வருமானக்காரரின் வாடகையில் ஒரு பகுதியை அரசே ஏற்கும் ஏற்பாடு உண்டு. கடல் கடந்து பிழைக்கப் போனவர்கள் நிறைந்த பகுதி இது என்பதால், அந்தச் செய்தி இங்கும் வந்து, நம் ஊரிலும் அப்படி ஒன்று இருக்கும் என்ற எண்ணத்தை உண்டாக்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் மாதா மாதம் வாடகைப் பணம் தரும் பொதுத் திட்டம் எதுவும் இல்லை. வாங்கித் தருகிறேன் என்று சொல்லி விண்ணப்பக் கட்டணம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

இருப்பவை வேறு வகை உதவிகள். சொந்த வீடு கட்டவோ வாங்கவோ மானியம் உண்டு; வாரியக் குடியிருப்புகளில் ஒதுக்கீடு உண்டு; மின்கட்டணச் சலுகை, ரேஷன், மகளிர் உரிமைத் தொகை என்று வாடகைச் சுமையை மறைமுகமாகக் குறைப்பவையும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் நுழைவாயில் ஒன்றே: நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள், எத்தனை பேர் ஒரே குடும்பம், ஆண்டு வருமானம் எவ்வளவு என்பதை உங்கள் பெயரில் உள்ள தாள் காட்ட வேண்டும். ஆகவே வீட்டைத் தேடும்போதே, அந்த வீடு இந்தத் தாள்களைப் பெறுவதற்கு உதவுமா என்பதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. இருநூறு ரூபாய் வாடகை குறைவு என்பதற்காக ஒப்பந்தமே எழுதித் தராத வீட்டை எடுப்பவர், பிறகு அதைவிடப் பெரிய தொகையை வேறு வழியில் இழக்கிறார்.

முதல் படி: பழைய ஊரை விட்டுக் கிளம்பும் முன்

வருமானச் சான்றிதழை இப்போது இருக்கும் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்த பிறகு வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து சான்றிதழ் வரும். விசாரணை என்பது நீங்கள் குடியிருக்கும் இடத்தில் நடப்பது. புது ஊரில் வந்து இறங்கியவுடன் விண்ணப்பித்தால், உங்களை யாரென்றே தெரியாத அலுவலர் குடியிருப்புக்குச் சான்று கேட்பார், அது கையில் இல்லாமல் விண்ணப்பம் நிற்கும். சாதிச் சான்றிதழ், பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றையும் அங்கேயே முடித்துவிடுவது அலைச்சலைக் குறைக்கும்.

குடும்பத்தில் எல்லோருடைய ஆதாரிலும் இப்போது பயன்படுத்தும் கைப்பேசி எண்தான் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய எண் இணைந்திருந்தால், ரேஷன் அட்டை முகவரி மாற்றம் முதல் வீட்டுத் திட்ட விண்ணப்பம் வரை ஒவ்வொன்றும் ஓடிபி வராமல் நின்றுபோகும்.

இரண்டாவது படி: எவ்வளவு தாங்கும் என்று கணக்கிடுவது

வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகை போகக்கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. குறைந்த வருமானத்தில் அதுவும் அதிகம் என்பதே என் கருத்து. மின்சாரமும் குடிநீரும் வேலைக்குப் போய்வரும் பேருந்துச் செலவும் வாடகையோடு சேர்ந்துதான் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும். முதல் மாதத்தைத் தனியாகக் கணக்கிடுங்கள். ரூ.4,500 வாடகையில் ஒரு வீடு என்று வைத்துக்கொண்டால், மூன்று மாத அட்வான்ஸ் ரூ.13,500, முதல் மாத வாடகை ரூ.4,500, தரகருக்கு ஒரு மாத வாடகை ரூ.4,500 என்று சாமான் ஏற்றும் வண்டிக்கு முன்பே ரூ.22,500 கையை விட்டுப் போய்விடும். இந்தத் தொகைக்கு வட்டிக்காரரிடம் போக வேண்டாம். குடும்பத்தில் ஒருவர் மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால் அங்கேயும், கையில் ஒன்றிரண்டு பவுன் இருந்தால் கூட்டுறவு வங்கியின் நகைக்கடனிலும் வட்டி தாங்கும் அளவில் இருக்கும். கந்துவட்டியைத் தடைசெய்யும் சட்டம் 2003 முதல் தமிழ்நாட்டில் இருந்தாலும், அட்வான்ஸ் பணத்துக்காகக் கந்துவட்டியில் விழுந்த குடும்பங்கள் இங்கும் இருக்கின்றன.

தரகர் இல்லாமலும் தேடலாம். செக்காலை, சுப்பிரமணியபுரம், செஞ்சை, கழனிவாசல், முத்துப்பட்டணம் என்று காரைக்குடியின் பகுதிகளில் காலை நேரத்தில் நடந்தால் டூ-லெட் பலகைகள் கண்ணில் படும். மளிகைக்கடையிலும் சலவைக்கடையிலும் விசாரித்தால் பலகை வைக்காத வீடுகளும் தெரியவரும். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலோர் குடிமாற மாட்டார்கள். அந்த மாதங்களில் காலியாகக் கிடக்கும் வீட்டுக்காரர் பேரத்துக்கு இறங்கி வருவார் என்பதால், பால் காய்ச்சும் நாளைப் பற்றிக் கவலைப்படாதவர்களுக்கு அதுவே நல்ல பருவம். சிலர் ஆடியிலேயே சாவியை வாங்கிக்கொண்டு, வாடகை ஆவணி முதல் என்று பேசி முடிப்பதும் உண்டு.

மூன்றாவது படி: எந்த ஊர், எந்த மாதிரி வீடு

ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது, அது நகர்ப்புறமா கிராமப்புறமா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுத் திட்டங்கள் அந்தக் கோட்டை வைத்தே பிரிகின்றன. காரைக்குடி 2024இல் மாநகராட்சியானபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம் போன்ற ஊராட்சிகளும் அதில் சேர்க்கப்பட்டன. சங்கராபுரத்தில் முன்பு ஊராட்சியில் போய்க் கேட்டதை இனி மாநகராட்சியில்தான் கேட்க வேண்டும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் ஆகியவை பேரூராட்சிகள், ஆகவே நகர்ப்புறத் திட்டங்களுக்குள் வருபவை. ஆத்தங்குடி ஊராட்சி. செட்டிநாடு என்பது ஒரே மாவட்டமும் அல்ல. பொன்னமராவதி, ராயவரம் பக்கம் குடியேறினால் நீங்கள் போக வேண்டிய மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சிவகங்கையில் அல்ல, புதுக்கோட்டையில் இருக்கும்.

குறைந்த வாடகையில் இங்கே கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று லைன் வீடு: ஒரே கூரையின் கீழ் நான்கைந்து போர்ஷன்கள் வரிசையாக இருக்கும், கழிப்பறை பொதுவாக இருக்கலாம். மற்றொன்று பழைய செட்டிநாட்டு வீட்டின் பின்கட்டு அல்லது ஒரு பகுதி. சொந்தக்காரர்கள் சென்னையிலோ மலேசியாவிலோ இருக்க, வீட்டைப் பார்த்துக்கொள்பவர் வழியாக இரண்டாம் கட்டிலோ பக்கவாட்டு அறைகளிலோ குடி வைப்பார்கள். கோடையில் இந்த வீடுகளின் குளுமைக்கு எந்த லைன் வீடும் நிகராகாது. ஆனால் பார்க்கப் போகும்போது தரையின் ஆத்தங்குடி ஓட்டைப் பார்த்து மயங்காமல், நிமிர்ந்து மேலே பாருங்கள். ஓட்டுக் கூரைகள் நான்கு பக்கத்திலிருந்தும் வளவை (வீட்டின் நடுவே இருக்கும் முற்றத்தை) நோக்கிச் சரியும். இரண்டு சரிவுகள் சந்திக்கும் மூலையில்தான் மழைநீர் முழுக்க வந்து விழும். அந்த மூலைக்குக் கீழே உத்திரக் கட்டையில் கருமை படர்ந்திருந்தாலோ, சுண்ணாம்புச் சுவரில் மஞ்சள் ஓடை போலக் கறை இறங்கியிருந்தாலோ, ஐப்பசியில் அந்த அறையில் பாய் விரிக்க முடியாது. அதைச் சரிசெய்யும் செலவு பெரிது, பல பங்காளிகளின் சம்மதம் வேண்டியது, ஆகவே நீங்கள் இருக்கும் காலத்தில் நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வகையானாலும் தனி அடுப்படி இருக்கிறதா என்பது முக்கியம். சமையலுக்கு வசதி என்பது மட்டும் காரணமல்ல: புதிய ரேஷன் அட்டை கேட்டால், தனிச் சமையலறை வைத்துத் தனிக் குடும்பமாக வாழ்கிறீர்களா என்று வந்து பார்ப்பார்கள். உறவினர் வீட்டு அடுப்பிலேயே சமைத்துக்கொண்டு ஓர் அறையில் மட்டும் இருப்பவருக்குத் தனி அட்டை கிடைப்பது கடினம். அட்டை இல்லாவிட்டால் மற்ற உதவிகளும் எட்டாது. குழாய்த் தண்ணீர் எந்தெந்த நாளில், எந்த நேரத்தில் வருகிறது என்பதைப் பக்கத்து போர்ஷன்காரரிடம் கேளுங்கள். காரைக்குடிக்குச் சம்பை ஊற்றின் நல்ல தண்ணீர் என்று பெயர் இருந்தாலும், அது உங்கள் தெருமுனைக் குழாய்வரை எப்படி வருகிறது என்பது வேறு கேள்வி.

சாதி, மதம், சைவமா அசைவமா, குடும்பமா தனியாளா என்ற கேள்விகளும் இங்கே வரும். இது இல்லாததுபோல் எழுதுவது புதிதாக வருபவருக்குச் செய்யும் உதவியாகாது. கேள்வி பிடிக்காவிட்டால் அடுத்த வீட்டைப் பார்க்கலாம். பொய் சொல்லி நுழைந்தால் மூன்றே மாதத்தில் மறுபடியும் வண்டிக்குக் கூலி கொடுக்க நேரும். மாணவர்கள் வெளியில் அறை தேடும் முன், அரசின் சமூகநீதி விடுதிகளில் இடம் இருக்கிறதா என்று கல்லூரியில் கேட்டுப் பார்ப்பது பணத்தை மிச்சப்படுத்தும்.

நான்காவது படி: வாடகைக்கு விடுபவர் யார்

பழைய வீடுகளில் இது சிக்கலான இடம். ஒரே வீட்டில் பல புள்ளிகளுக்கு, அதாவது தனித்தனிக் குடும்பங்களுக்கு, பங்கு இருக்கும். வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பங்காளியுடையதாக இருக்கலாம். முகப்பும் வளவும் பொது. ஒரு பங்காளி தன் அறையை வாடகைக்கு விட்டு, மற்றொருவர் படைப்புக்கோ (முன்னோர் வழிபாட்டுக்கோ) திருமணத்துக்கோ ஊருக்கு வந்தபோது இவர் யார் என்று கேட்டால், வாடகைக்காரர் நடுவில் மாட்டிக்கொள்வார். ஆகவே சொத்துவரி ரசீதும் மின் இணைப்பும் யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள். சாவியை வைத்திருப்பவர் சொந்தக்காரர் அல்லாதபோது, வாடகைக்கு விடவும் பணம் வாங்கவும் அவருக்கு அதிகாரப் பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், சொந்தக்காரரிடம் வீடியோ அழைப்பில் பேசி, ஒப்பந்தத்தில் அவரே கையெழுத்திட்டு அனுப்பச் சொல்லி, வாடகையை அவருடைய வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். எந்தெந்த இடங்களைப் பயன்படுத்தலாம், விசேஷ நாட்களில் எதை ஒழித்துத் தர வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்வது, பின்னால் வரும் மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

உங்கள் ஆதார் நகலைக் கேட்பார்கள், கொடுப்பதில் தவறில்லை. நகலின் மேல் குறுக்காக ‘வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்’ என்று எழுதித் தேதியிட்டுக் கொடுங்கள்.

ஐந்தாவது படி: அட்வான்ஸா, ஒத்தியா

வீட்டுவாடகையைப் பற்றிய 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்பட்டிருந்தால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக்கூடாது. அந்த ‘ஒழிய’ என்பதைக் கவனியுங்கள்: பத்து மாத அட்வான்ஸ் என்று எழுதியிருக்கும் தாளில் நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு சட்டத்தைக் காட்டிப் பயன் குறைவு. பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்புதான்.

தென் மாவட்டங்களில் பரவலாக இருக்கும் மற்றொரு வழி ஒத்தி. ஒரு பெருந்தொகையை மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருந்து, தவணை முடிந்ததும் கொடுத்த தொகையை முழுதாகத் திரும்பப் பெறுவது. மாத வருமானம் நிலையில்லாத குடும்பங்களுக்கு இது கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் ஒத்திக்கு வீட்டை விடுபவர் பெரும்பாலும் பணமுடையில் இருப்பவர் என்பதை மறக்கக்கூடாது. அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக்கடன் இருந்து, கடன் கட்டாமல் வங்கி வீட்டை எடுத்துக்கொண்டால், உங்கள் தொகைக்கு நீங்கள் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும். எனவே பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான கடனையும் விற்பனையையும் காட்டும் தாள்) எடுத்துப் பார்த்த பிறகே பணத்தைப் பற்றிப் பேசுங்கள்; தொகையை வங்கி வழியாகவே கொடுங்கள்; சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். வீட்டை அடமானமாக வைத்து நூறு ரூபாய்க்கு மேல் வாங்கும் எந்தப் போக்கியப் பத்திரமும் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்திலேயே இருக்கும் விதி. முத்திரைத்தாளில் எழுதி இரண்டு சாட்சி போட்டால் போதும் என்று சொல்பவர் சொல்லட்டும். வட்டிக்குக் கடன் வாங்கி ஒத்தி போடுவதில் லாபமே இல்லை. மாதம் கட்டும் வட்டி வாடகையைவிடக் கூடிவிடும்.

ஆறாவது படி: ஒப்பந்தமும் பதிவும்

பதினொரு மாத ஒப்பந்தம் என்ற பழக்கம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்ற விதியைத் தவிர்ப்பதற்காக வந்தது. இன்றைய சட்டம் அந்தக் குறுக்குவழியை ஏறத்தாழ அடைத்துவிட்டது. எந்தக் கால அளவானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். துணை ஆட்சியர் நிலையிலுள்ள அலுவலரே அந்த அதிகாரி. பதிவுக்கென்று தனி இணையதளம் இருக்கிறது, இ-சேவை மையத்தில் உட்கார்ந்தும் செய்துகொள்ளலாம். காரைக்குடி வட்டம் தேவகோட்டை வருவாய்க் கோட்டத்தில் இருப்பதால், நேரில் விசாரிக்க வேண்டுமானால் தேவகோட்டைக் கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து தொடங்குங்கள்.

வீட்டுக்காரர்கள் பதிவென்றதும் தயங்குவார்கள். வருமான வரி வருமோ, குடிவந்தவர் காலி செய்ய மறுப்பாரோ என்ற பயம். ‘ஆச்சி, பதிஞ்சு வச்சா ரேஷன் கார்டுல விலாசம் மாத்தச் சுலபமா இருக்கும். எழுத்து இருந்தா உங்களுக்கும் நல்லதுதான், நான் வாடகை பாக்கி வச்சா அதைக் காட்டித்தானே நீங்க கேக்க முடியும்?’ என்று தன்மையாகச் சொன்னால் பெரும்பாலோர் கேட்டுக்கொள்வார்கள். உண்மையும் அதுதான். இந்தச் சட்டத்தில் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறுவதே வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்கு ஒரு காரணமாக வைக்கப்பட்டிருக்கிறது. நியாய வாடகையை அரசே நிர்ணயிக்கும் 1960ஆம் ஆண்டின் பழைய ஏற்பாடு இப்போது இல்லை. தாளில் எழுதியதுதான் வாடகை.

அந்தத் தாளில் இருக்க வேண்டியவை: மாத வாடகை, செலுத்தும் தேதி, அட்வான்ஸ் தொகை, அது திரும்பும் விதம், எத்தனை மாதம் கழித்து எவ்வளவு உயரும், மின்சாரம் எந்தக் கணக்கில், தண்ணீர் யார் பொறுப்பு, பராமரிப்பு யாருடையது. வாடகையை உயர்த்துவதானால் மூன்று மாதம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பராமரிப்பைப் பற்றி ஒப்பந்தம் எதுவும் சொல்லாவிட்டால், சட்டத்தின் அட்டவணை இருக்கிறது: கட்டடப் பழுது, வெள்ளையடித்தல், கதவு சன்னல் வண்ணம், குழாய் மாற்றுதல், மின் ஒயரிங் ஆகியவை வீட்டுக்காரருடையவை, குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கைப்பிடி, சாக்கடை அடைப்பு போன்ற சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவருடையவை. வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்க்க வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன் தெரிவிக்க வேண்டும்.

வாடகையை ஒவ்வொரு மாதமும் கைப்பேசி வழியாக அனுப்பினால் அதுவே சான்று. ரொக்கமாகத்தான் வேண்டும் என்றால் ரசீது கேளுங்கள்; ரசீது உங்கள் உரிமை. ரசீதுப் புத்தகம் இல்லை என்பவரிடம், ஒரு நாற்பது பக்க நோட்டில் மாதம், தொகை, தேதி, கையெழுத்து என்று நான்கு கோடு போட்டு நீட்டிவிடுங்கள்.

ஏழாவது படி: மின் மீட்டர்

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். சிக்கனமான சிறு குடும்பத்துக்கு இது பெரிய சலுகை. ஆனால் சலுகை இணைப்புக்குத்தானே தவிர, குடும்பத்துக்கு அல்ல. உங்கள் போர்ஷனுக்குத் தனி இணைப்பு இருந்தால் 100 யூனிட்டும் உங்களுடையது. லைன் வீட்டில் ஒரே இணைப்பும் ஐந்து சப்-மீட்டரும் இருந்தால், அந்த 100 யூனிட் ஐந்து பேருக்கும் பொது. மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படிகளே மாறி, எல்லோருக்கும் விலை கூடும். பல வீட்டுக்காரர்கள் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலையாக வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டு வீடுகளை ஒப்பிடும்போது வாடகையை மட்டும் பார்க்காமல், உங்கள் பழைய ஊரில் இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் ஆனது என்று எடுத்து, இரண்டு வீட்டுக் கணக்கிலும் போட்டுப் பாருங்கள். தனி இணைப்புள்ள வீட்டின் வாடகை சற்றுக் கூடுதலாக இருந்தாலும், கூட்டிப் பார்த்தால் மலிவாக வருவதுண்டு.

குடிவரும் நாளில் மீட்டருக்கு முன்னால் நின்று, எண்ணும் அன்றைய தேதியும் தெரியும்படி படம் எடுத்து, அப்போதே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். சப்-மீட்டர் பலகையில் எந்த மீட்டர் எந்த போர்ஷன் என்பது பல நேரங்களில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. உங்கள் வீட்டு விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு எந்த மீட்டரின் சிவப்பு விளக்கு மினுக்குவதை நிறுத்துகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். யாருடைய குளிர்சாதனப் பெட்டிக்கோ ஓராண்டாகக் காசு கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

மின் மீட்டருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு, ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருப்பதோடு, ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட்டுக்குள் இருப்பதும் தகுதியாக வைக்கப்பட்டது. ஐந்து குடும்பங்கள் சேர்ந்து எரிக்கும் இணைப்பின் எண்ணை எழுதிக் கொடுத்தால் அந்த வரம்பு எளிதில் தாண்டிவிடும். அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர்கள் வாடகை ஒப்பந்தத்தையும் சப்-மீட்டர் கணக்கையும் பத்திரமாக வைத்திருந்தால்தான், மேல்முறையீட்டில் தங்கள் பங்கு எவ்வளவு என்று விளக்க முடியும்.

எட்டாவது படி: குடிவந்தபின் முகவரி மாற்றம்

ஆதார் முகவரி, ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு என்ற வரிசையில் மாற்றுங்கள். திருமணமாகிப் புதிதாகத் தனிக்குடித்தனம் வந்தவர்கள், பெற்றோர் அட்டையிலிருந்து பெயரை நீக்கிய பிறகே புது அட்டைக்கு விண்ணப்பிக்க முடியும். பிற மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள், முன்னுரிமைக் குடும்ப அட்டை வைத்திருந்தால், ஒரே நாடு ஒரே ரேஷன் முறையில் இங்குள்ள கடையிலேயே விரல் ரேகை வைத்துத் தானியம் வாங்கலாம். தமிழ்நாடு 2020 அக்டோபரில் இந்த முறையில் சேர்ந்தது. வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8. தனியார் பள்ளியில் 25 விழுக்காட்டு இலவச இடத்துக்கு வீட்டிலிருந்து பள்ளிக்கு உள்ள தூரமும் பார்க்கப்படுவதால், சிறு பிள்ளை உள்ளவர்கள் முகவரி மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

ஒன்பதாவது படி: எந்த வீட்டுத் திட்டத்துக்கு நீங்கள் தகுதி

நகர்ப்புறத்தில் குடியிருந்து, இந்தியாவில் எங்கும் குடும்பத்தில் யார் பெயரிலும் நிரந்தரமான பக்கா வீடு இல்லையென்றால், பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் நகர்ப்புற இரண்டாம் கட்டத்தைப் பாருங்கள். 2024 செப்டம்பரில் தொடங்கிய இதில், ஆண்டு வருமானம் ரூ.3 லட்சம் வரை நலிந்த பிரிவு, 6 லட்சம் வரை குறைந்த வருமானப் பிரிவு, 9 லட்சம் வரை நடுத்தரப் பிரிவு. குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். கடந்த 20 ஆண்டுகளில் வேறு அரசு வீட்டுத் திட்டத்தில் பயன்பெற்றவர்களுக்கு இடமில்லை. சொந்த மனை வைத்திருக்கும் நலிந்த பிரிவினருக்கு வீடு கட்ட மானியம். மனை இல்லாதவர்களுக்குப் பங்குத்தொகை கட்டி அடுக்குமாடியில் வீடு. வங்கிக்கடனில் வாங்குபவர்களுக்கு, ரூ.35 லட்சம் மதிப்புக்குள், ரூ.25 லட்சம் வரையான கடனில், முதல் 8 லட்சத்துக்கு 4 விழுக்காடு வட்டி மானியம், ஐந்து தவணைகளில் மொத்தம் ரூ.1.80 லட்சம் வரை. குறைந்த வாடகைக் குடியிருப்பு என்ற பிரிவும் இதில் உண்டு. இடம்பெயர்ந்து வந்த தொழிலாளர்கள், பணிபுரியும் பெண்கள், மாணவர்கள் ஆகியோருக்கானது அது. ஆனால் கட்டப்பட்ட ஊரில்தான் கிடைக்கும், அதை நம்பி வாடகை வீடு தேடுவதை நிறுத்த வேண்டாம்.

முன்பு குடிசை மாற்று வாரியம் என்று 1970இல் தொடங்கி, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பு, சொந்த வீடில்லாத, ஆண்டு வருமானம் ரூ.3 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு வீடு ஒதுக்குகிறது. அது வாடகை வீடல்ல. பயனாளி பங்குத்தொகை கட்ட வேண்டும். வாரிய வீட்டை ஒதுக்கீடு பெற்றவரிடமிருந்து ‘உள்வாடகைக்கு’ எடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள். ஆய்வுக்கு வந்தால் முதலில் வெளியேற வேண்டியவர் நீங்கள்தான்.

கிராமப்புறத்தில் 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம், குடிசையில் வாழ்பவர்களுக்கு 360 சதுர அடி வீடு கட்ட ரூ.3.5 லட்சம் தருகிறது. மனை உங்களுடையதாக இருக்க வேண்டும், பட்டா வேண்டும்; வாடகை வீட்டில் இருந்துகொண்டு கேட்க முடியாது. மனையே இல்லாதவர்கள் முதலில் இலவச வீட்டுமனைப் பட்டாவுக்கு வட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். சொந்த ஊரில் பட்டா மனை இருக்க, காரைக்குடியில் வாடகைக்கு இருக்கும் கொத்தனார்களும் சித்தாள்களும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்து பதிவைப் புதுப்பித்து வந்தால், வீடு கட்ட ரூ.4 லட்சம் வரை உதவி கேட்கலாம். செட்டிநாட்டு வீடுகளைப் புதுப்பிக்கும் வேலையில் ஆண்டு முழுக்க இருக்கும் பலர் இந்த வாரியத்தில் பதியாமலே இருப்பது வருத்தமான விஷயம்.

ஒவ்வொரு திட்டத்துக்கும் ‘ஏற்கெனவே வீடு இல்லை’ என்ற உறுதிமொழி கேட்கப்படும். பூர்வீக ஓட்டு வீட்டில் பிரிக்கப்படாத பங்கு இருப்பவர்கள், அதை மறைக்காமல் சொல்லி, அது தகுதியைப் பாதிக்குமா என்று கேட்டுக்கொண்டு கையெழுத்திடுங்கள். பின்னால் தெரியவந்தால் வாங்கிய தொகையைத் திரும்பக் கட்ட நேரும்.

பத்தாவது படி: தகராறும் காலி செய்வதும்

வாடகையை வாங்க மறுத்துவிட்டு, பாக்கி என்று பிறகு வழக்குப் போடுவது பழைய உத்தி. வாங்க மறுத்தால் மணியார்டரில் அனுப்புங்கள், அதுவும் திரும்பினால் வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி வெளியேற்றப் பார்ப்பது சட்டப்படி தவறு. அதற்கும் அதே அதிகாரியிடம்தான் மனு. உங்கள் பக்கம் இரண்டு மாத வாடகை பாக்கி, உள்வாடகை, வீட்டை வேறு தொழிலுக்குப் பயன்படுத்துவது ஆகியவை இருந்தால் சட்டம் வீட்டுக்காரர் பக்கம் நிற்கும். வேலை போய் ஒரு மாதம் கட்ட முடியாத நிலை வந்தால், தேதி தாண்டும் முன்பே நேரில் போய்ச் சொல்லி, எப்போது கட்டுவீர்கள் என்று ஒரு குறுஞ்செய்தியும் அனுப்பிவையுங்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்பதால் பின்வாங்க வேண்டியதில்லை. பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பே இல்லாமலும், மற்றவர்களுக்கு ஆண்டு வருமானம் ரூ.3 லட்சத்துக்குள் இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். தொலைபேசி எண் 15100. திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில், பட்டா, ரேஷன், வீட்டுத் திட்டம் பற்றிய மனுக்களைக் கொடுக்கலாம். மனு எண் போட்ட ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்ப வேண்டாம். வீட்டுக்காரருடனான தகராறை அங்கே கொண்டுபோனால், வாடகை அதிகாரியிடம் போங்கள் என்றுதான் அனுப்பிவைப்பார்கள்.

காலி செய்வதை ஒப்பந்தத்தில் சொன்ன கால அளவுக்கு முன்பே எழுத்தில் தெரிவியுங்கள். ‘அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று கடைசி மாதங்களின் வாடகையை நிறுத்துவதை இங்கே பலரும் செய்கிறார்கள். வீட்டுக்காரர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் அப்படிச் செய்தால் அது பாக்கியாகவே எண்ணப்படும். பாக்கியைக் கழித்து மீதி அட்வான்ஸை, வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள் வீட்டுக்காரர் திருப்பித் தர வேண்டும். சாவி கொடுக்கும் நாளில் ஒவ்வொரு அறையையும் மீட்டரையும் படம் எடுத்துக்கொண்டு, சாவியைப் பெற்றுக்கொண்டதாகவும் இன்ன தேதிக்குள் இவ்வளவு தொகை தருவதாகவும் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்ட பிறகு சாமான்களை வண்டியில் ஏற்றுங்கள்.